ஆணியைப் பிடுங்கு!

மரம் வாங்கப் பணமில்லையா? பட்டறை போட இடமில்லையா? யாரிடம் கதை அளக்கிறாய்?

உன் தெருவில் இடிக்கிற பழைய வீட்டைப் போய்ப் பார். ஜன்னல் சட்டம், கதவு நிலை, உத்தரம் எல்லாம் வெயிலில் கிடக்கும். விறகு விலைக்குப் போகும். தினமும் தாண்டித்தானே போகிறாய்!

அத்தனை வருடம் காய்ந்து இறுகிய மரம் அது. பச்சை மரம் போல முறுக்கிக்கொள்ளாது. வேறென்ன வேண்டும் உனக்கு?

1990. நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரம். பியட் ஹைன் ஏக் என்ற மாணவர் வடிவமைப்புப் படிப்பை முடிக்கிறார். இறுதிப் படைப்பாக எதைக் கொண்டுபோய் நிறுத்தினார் தெரியுமா? கழித்துப்போட்ட மரத்துண்டுகளில் செய்த அலமாரி!

ஒரு துண்டில் பழைய பெயின்ட். இன்னொன்றில் வேறு நிறம். எதையும் அவர் மறைக்கவில்லை. குறையில்லாததுதான் அழகு என்றவர்கள் முன்னால் குறையையே நிறுத்திக் காட்டினார்!

இன்று அதே நகரில், பழைய பிலிப்ஸ் ஆலைக் கட்டடத்தில் அவருடைய பட்டறை ஓடுகிறது.

"குப்பையை வீட்டுக்குள் கொண்டுவருகிறான்" என்பார்கள். அதற்கா பயப்படுகிறாய்? சொல்லட்டும்!

சுலபம் என்று நான் சொல்லவில்லை. பலகையைத் திருப்பிப் போடு. ஆணியின் முனையைத் தட்டு. மறுபக்கம் தலை எழும்பும். குறட்டால் பிடுங்கு. அடுத்த ஆணி. அதற்கடுத்தது. கை காய்க்கும். முடிந்ததும் காந்தத்தைப் பலகை மேல் ஓட்டிப் பார். ஒரே ஓர் ஆணி ஒளிந்திருந்தாலும் இழைப்புளியின் அலகு போய்விடும்!

இந்தப் பாட்டுக்குப் பயந்துதான் மற்றவர்கள் ஒதுங்குகிறார்கள். அதனால்தான் மரம் உனக்கு மலிவாகக் கிடைக்கிறது!

சரக்கு வந்த பேலட் கிடைத்தால் முத்திரையைப் படி. எச்.டி. (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடு. எம்.பி. (MB) என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு நச்சுப்புகை போட்டது. தொடாதே! பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். வறட்டுத் தேய்ப்பு தேய்த்துத் தூசியை விழுங்காதே. துணிச்சலுக்கு உடம்பைப் பலி கொடுக்கக் கூடாது.

முதல் ஸ்டூல் ஆடும். ஆடட்டும்! எந்தக் கால் குட்டை? எந்த மூட்டு தளர்வு? கழற்று. சீவு. மறுபடி மாட்டு. ஆடுகிற ஸ்டூல் உன் பிசகைக் காட்டிக்கொடுக்கும். செய்யாத ஸ்டூல் எதைக் காட்டும்?

இன்னும் தயக்கமா? முக்காலியில் தொடங்கு. மேடு பள்ளத் தரையிலும் மூன்று கால் ஆடாது.

சுத்தியல், குறடு, ரம்பம். இந்த ஞாயிற்றுக்கிழமை பழைய மரக்கடைக்குக் கிளம்பு!