பாதையின் ஹக்கு

தெருவோரங்களில் உட்கார்ந்து பேசுவதை நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை தடுத்தார்கள். உட்கார வேறு இடமில்லையே என்று ஸஹாபாக்கள் முறையிட்டபோது, அப்படியானால் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்று கூறி, பிறருக்குத் துன்பம் தராதிருப்பதையும் அந்த ஹக்குகளில் ஒன்றாக எண்ணிக் காட்டினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் இந்த ஹதீஸைப் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். பாதைக்கே ஹக்கு உண்டென்றால், அதில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் ஹக்கு என்ன? அதற்கான செலவு யார் மீது கடமை?

சோழவந்தானைச் சுற்றிலும் வெற்றிலைக் கொடிக்கால்கள், தென்னந்தோப்புகள், வயல்கள். தென்கரை, முள்ளிப்பள்ளம் போன்ற ஊர்கள் வைகைக்கு அக்கரையில் இருக்கின்றன. சுற்றுவட்டாரப் பிள்ளைகள் நடந்தும் சைக்கிளிலும் பஸ்ஸிலும் வந்து படிக்கிறார்கள். லாரிக்கும் வேனுக்கும் தார் ரோடு. பிள்ளை ஒதுங்குவதற்கு ஓரத்து மண். மழை பெய்தால் அதுவும் சேறு.

சைக்கிள் கொடுப்பதில் நம் அரசாங்கம் குறை வைக்கவில்லை. 2001-02ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம், 2005-06ல் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிந்தது. பீஹாரில் 2006ல் ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு இதே உதவி கிடைத்தபின், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடினர் என்று கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் கணக்கிட்டார்கள். ஆனால் சைக்கிளைக் கொடுத்த கை, அது ஓடுவதற்குப் பாதையைக் கொடுக்கவில்லை. 2022ல் நம் நாட்டுச் சாலைகளில் மாண்ட 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள்.

கார் வைத்திருப்பவர் வரி கட்டுகிறார், நடப்பவர் என்ன கட்டுகிறார் என்று சிலர் கேட்கிறார்கள். சோப்பும் செருப்பும் வாங்குகிற விதவைத் தாயும் வரி கட்டித்தான் வாங்குகிறாள். அவள் ஒன்றுமே கட்டாதவளாக இருந்தாலும் பாதையில் அவளுக்குள்ள பாத்தியதை குறையாது. பாதை விஷயத்தில் தகராறு வந்தால் ஏழு முழம் விடச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், யார் எவ்வளவு கட்டினார் என்று பார்க்கச் சொல்லவில்லை.

வசதியுள்ளவர்கள் ஸதகாவாக ஏதேனும் செய்யலாமே என்பார் சிலர். செய்யட்டும், நன்மைதான். ஆனால் ஜகாத்தைப் பாலத்துக்கும் பாதைக்கும் செலவிட முடியாது என்பதே நம் ஹனஃபி இமாம்களின் தீர்ப்பு. பாலங்கள் கட்டுவதைக் கராஜ் போன்ற பொது வருமானத்தின் செலவாகவே ஹிதாயா குறிப்பிடுகிறது. அதாவது இது ஏழைக்கு இடும் தர்மமன்று. பொதுப்பணத்தில் அவனுக்குள்ள பங்கு. இன்றைய சர்க்கார் கஜானா அந்தப் பைத்துல் மால் ஆகாது என்பதை அறிவேன். ஆயினும் எல்லோரிடமும் வசூலித்த பணம் என்பதால் நியாயம் மாறிவிடாது.

குடிமக்கள் விஷயத்தில் ஆட்சியாளரின் நிலை, எத்தீம் பிள்ளையின் பொருளைக் காக்கும் பொறுப்பாளரின் நிலை என்று இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் சொன்னதாக ஸுயூத்தி (ரஹ்) எழுதுகிறார்கள். எத்தீமின் பொருளை எடுத்து அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சட்டை தைக்கலாமா? ஓட்டுரிமை இல்லாத, வாகனம் இல்லாத, குரல் எழாத பிள்ளையைவிட எத்தீமுக்கு நெருக்கமானவர் சாலையில் யார்? சென்னை மாநகராட்சி 2014ல் ஏற்ற கொள்கை, போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் ஒதுக்கச் சொன்னது. அந்தக் கணக்கு பேரூர்களுக்கும் வரவேண்டும். நடைபாதை வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்று சுப்ரீம் கோர்ட்டும் 2025 மே மாதத்தில் சொல்லிவிட்டது.

சர்க்காரிடம் கேட்குமுன் நம் வாசலையும் பார்க்கவேண்டும். ஜும்ஆவுக்கு வந்து மோட்டார் சைக்கிளைத் தெருவில் குறுக்கே விடுகிறோம். கல்யாணப் பந்தலைப் பாதை முழுவதும் போட்டுவிட்டு, வலீமாவில் பரக்கத்துக்கு துஆ கேட்கிறோம்! வீட்டுப்படியை வருஷத்துக்கு ஒரு ஜாண் தெருவுக்குள் இறக்குபவரும் உண்டு.

ஜமாஅத்தார் மனுக் கொடுப்பதாயின், எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியாக எத்தனை பிள்ளைகள் போகிறார்கள் என்று முதலில் எண்ணி எழுதிக்கொள்ளட்டும். தாய்மார்களைக் கேட்டால் அபாயமான இடங்களை அவர்களே சொல்வார்கள். தெருக்கள் பேரூராட்சியைச் சேர்ந்தவை, பெரிய ரோடுகள் நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தவை; ஆகவே மனு இரண்டு எழுத வேண்டும்.