மருந்தும் உடன்படலும்

எம் உறவினரான மூதாட்டியார் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. டிராஸ்டுசுமாப் என்னும் மருந்தை மூன்று வாரத்திற்கொருமுறை செலுத்த வேண்டும் என்றார் மருத்துவர். இரவுணவு நீத்து, கிழங்கு விலக்கி, ஐம்பது ஆண்டுகளாக நோன்பு காத்துவருபவர் அவ்வம்மையார். நுண்ணுயிரியல் பயிலும் பேர்த்தியோ, "பாட்டி, இம்மருந்தின் மூலம் சுண்டெலி" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டாள். "என் உயிருக்காக இன்னோர் உயிரை வதைப்பதா?" என்று அம்மையார் ஊசியை மறுத்துவிட்டார். அவ்வினா என்னையும் உறங்கவிடவில்லை.

நோய்க்கிருமி போன்ற அயற்பொருளை இனங்கண்டு பற்றும் புரதங்களே எதிர்ப்பொருள்கள். 1975ஆம் ஆண்டில் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டீனும் கேம்பிரிட்ஜில் ஒரேவகை எதிர்ப்பொருளை இடையறாது பெறும் வழியைக் கண்டனர். இதுவே மோனோகுளோனல் எதிர்ப்பொருள். எதிர்ப்பொருள் உண்டாகுமாறு தூண்டப்பட்ட சுண்டெலியைக் கொன்று, அதன் மண்ணீரல் அணுக்களை எடுத்து, ஓயாது பெருகும் புற்றணுக்களோடு இணைப்பது அம்முறை. 1984இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். குருதிவகை அறியவும், கருவுற்றமை காணவும் இன்று பெரும்பாலும் இவையே பயன்படுகின்றன. குருதிக்கொடை தந்த நம் இளைஞர்களும் இதற்குப் புறம்பானவர் அல்லர்!

ஐம்பொறியும் மனமும் உடைய உயிர் ஒன்று இங்குக் கொல்லப்பட்டது என்பதை மறைத்தல் வாய்மைக்கு இழுக்கு. ஆயின் அதனினும் கொடியது அடுத்து நிகழ்ந்தது. இணைந்த அணுக்களை வேறு சுண்டெலிகளின் வயிற்றில் செலுத்துவர். வயிறு நீர்கோத்து வீங்கும். அந்நீரை ஊசியால் வடித்தெடுப்பர். மகோதர நோயாளியை அருகிருந்து பார்த்தவர்க்கு அத்துன்பம் விளங்கும். எளிதில் மிகுதியாகக் கிடைக்கிறது என்பதே இதற்குச் சொல்லப்பட்ட காரணம். கண்ணாடிக் கலத்தில் அணுக்களை வளர்த்தும் அதனைப் பெறலாம். தக்க காரணமின்றேல் அதுவே வழக்கமான முறையாதல் வேண்டும் என்று அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் குழு 1999இல் பரிந்துரைத்தது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரசுகளைக் கொண்டு, சுண்டெலியே இன்றி எதிர்ப்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறையும் வந்துவிட்டது. அதற்காக ஜார்ஜ் ஸ்மித், கிரெகரி வின்டர் ஆகியோர் 2018இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அங்கும் ஓரறிவுயிர்கள் அழியும். எனினும் இரண்டும் ஒன்றென்று நம் மரபு சொல்லாது.

டிராஸ்டுசுமாப் சுண்டெலி எதிர்ப்பொருள் ஒன்றை மனிதப் புரதத்திற்கு ஒத்ததாக மாற்றியமைத்தது. 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 1957இல் சீன வெள்ளெலி ஒன்றிலிருந்து எடுத்து, வழிவழியாக வளர்க்கப்பட்டுவரும் அணுக்களில் அது ஆக்கப்படுகிறது. ஒவ்வொரு குப்பிக்கும் புதிதாக ஒரு சுண்டெலியின் வயிறு வீங்குவதில்லை.

செய்தல், செய்வித்தல், உடன்படல் என வினை மூவழி வரும். அம்மையார் செய்தாருமல்லர், செய்வித்தாருமல்லர். உடன்பட்டாரா? நிகழ்ந்துவிட்ட கொலையின் பயனை, வேறு வழியற்ற நோயாளி நடுக்கத்தோடு ஏற்பதை நான் உடன்படல் என்னத் துணியேன். மாற்றுவழி இருந்தும், விலை மலிவென்று நீர்வடித்த எதிர்ப்பொருளை வாங்கும் ஆய்வகத்தார் நிலை வேறு. நம் பிள்ளைகள் பலர் இன்று அத்தகைய ஆய்வகங்களில் பயில்கின்றனர், பணிபுரிகின்றனர்.

இவற்றையெல்லாம் அம்மையாரிடம் விளக்கினேன். இரண்டு நாள் கழித்து ஊசிக்கு இசைந்தார். பேர்த்தியை அழைத்து, "உன் ஆய்வகத்தில் வாங்குவது எம்முறையில் ஆனது என்று கேட்டு வா" என்றார். குப்பியின் மேல் அது அச்சிடப்படவில்லையாம். விற்பவருக்குக் கடிதம் போயிருக்கிறது.