தாயார் தந்த அனுமதி

கடல் தாண்டுவது பாவம் என்றிருந்த காலம். கணிதமேதை ராமானுஜனின் அம்மாவும் முதலில் சம்மதிக்கவில்லை. நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து, 'பிள்ளையைத் தடுக்காதே' என்றதால்தான் மனசு மாறினாராம். 1914 ஏப்ரலில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார் ராமானுஜன்.

கேம்பிரிட்ஜில் நாளெல்லாம் கணக்கு. அறையிலேயே சுயமாகச் சைவச் சமையல். அந்த ஆகஸ்டில் போர் வேறு மூண்டது. காய்கறிக்கே திண்டாட்டம். விரதத்தை விடவில்லை. 1917-ல் நோயில் படுத்தார். 1920-ல், 32 வயதில் போய்விட்டார். சாப்பாடுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். கடல் தாண்டக்கூடாது என்பதும் விதி. சைவம்தான் சாப்பிடவேண்டும் என்பதும் விதி. முதல் விதியைத் தளர்த்த அம்மா இருந்தார். இரண்டாவதை, அத்தனை தூரத்தில், யார் தளர்த்துவது?

பிள்ளையை வெளிநாடு அனுப்புகிறீர்களா? ஊறுகாயோடு இதையும் சொல்லி அனுப்புங்கள்: 'உடம்பு முக்கியம்ப்பா. மத்ததை அங்கே நீயே முடிவு பண்ணிக்கோ!'