ஜும்ஆ உரை: விடுமுறைப் பயணமும் மாண்டோவி ஆற்றுக் காசினோக் கப்பலும்

 



அரையாண்டு விடுமுறை வரப்போகிறது. நம் கோச்சடையில் பல வீடுகளில் இப்போதே பேச்சு ஆரம்பித்திருக்கும். முன்பெல்லாம் விடுமுறை என்றால் கொடைக்கானல், குற்றாலம், நாகூர், ஏர்வாடி. இப்போது நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பிடிக்கிறார்கள். ஆபீஸ் நண்பர், பக்கத்து வீட்டுக்காரர், மச்சான் குடும்பம் என்று எல்லோரையும் சேர்த்து செல்போனில் ஒரு குரூப் போடுகிறார்கள். அதில் அடிக்கடி வரும் பெயர் கோவா.

சென்ற வாரம் ஒரு சகோதரர் தொழுகை முடிந்து காத்திருந்து கேட்டார்: “ஹஜ்ரத், ஐந்து குடும்பம் சேர்ந்து கோவா போகிறோம். ஒருநாள் சாயந்திரம் காசினோக் கப்பலுக்குப் போவதாக மற்ற நான்கு குடும்பமும் முடிவு செய்துவிட்டார்கள். நாங்கள் விளையாட மாட்டோம். கப்பலைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவோம். போகலாமா?” அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இன்று உங்கள் முன் வைக்கிறேன். இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதல்ல.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கோவா போவது ஹராம் என்று யாரும் சொல்ல வேண்டாம். பூமியில் பயணம் செய்து அல்லாஹ் படைப்பை எப்படித் தொடங்கினான் என்று பார்க்கும்படி அல்அன்கபூத் அத்தியாயத்தின் 20ஆவது வசனம் நம்மை ஏவுகிறது. மனைவி மக்களைக் கூட்டிக்கொண்டு கடலையும் மலையையும் காட்டிவிட்டு வருவது நல்ல காரியம். வருடம் முழுக்கக் கடையே கதி என்று கிடக்கிறவர்களுக்கு அது அவசியமும்கூட. கோவாவில் பார்க்க எவ்வளவோ இருக்கின்றன. ஃபோண்டாவில் 1560இல் கட்டப்பட்ட ஸஃபா மஸ்ஜித் இருக்கிறது. அதன் அருகே படிக்கட்டுகளோடு கூடிய அழகான குளம். தலைநகர் பணஜியில் மாண்டோவி ஆற்றங்கரையில் யூசுஃப் ஆதில் ஷாவின் அரண்மனை நிற்கிறது. 1510இல் போர்ச்சுகீசியர்கள் கோவாவைப் பிடித்த பிறகு அந்த அரண்மனையும் அவர்கள் கைக்குப் போனது. ஆட்சி எப்படிக் கைமாறும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அதே மாண்டோவி ஆற்றில்தான் அந்தக் கப்பல்களும் நிற்கின்றன. ஆறு கப்பல்கள். இரவில் விளக்கு போட்டால் ஆறே மின்னும். தலைக்குச் சில ஆயிரம் ரூபாய் டிக்கெட். அந்த டிக்கெட்டுக்குள்ளேயே சாப்பாடு, மது, ஆட்டம் பாட்டம், அதோடு விளையாட “இலவசமாக” கொஞ்சம் சிப்ஸ், அதாவது காசுக்குப் பதிலான வில்லைகள், எல்லாம் அடக்கம். சில கப்பல்களில் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகத் தனி இடம்கூட இருக்கிறது. இப்படிக் குடும்பத்தோடு வருவதற்கென்றே அழைப்பு விடுக்கிறார்கள். அந்த அழைப்பு என்னவென்று நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

அன்பானவர்களே! குர்ஆன் மைசிர் என்று ஒரு வார்த்தையைப் பயன்படுத்துகிறது. நாம் சூதாட்டம் என்று மொழிபெயர்த்துவிட்டுக் கடந்துபோகிறோம். அந்தக் கால அரபிகளின் மைசிர் எப்படி இருந்தது தெரியுமா? நாம் நினைக்கிற மாதிரி இருட்டு மூலையில் நாலுபேர் மூணு சீட்டு ஆடுவது அல்ல. குளிர்காலம், பஞ்ச காலம் வரும். கூட்டமாகச் சேருவார்கள். ஓர் ஒட்டகத்தை அறுத்துப் பங்கு போடுவார்கள். பத்து அம்புகள் இருக்கும். ஏழு அம்புகளுக்கு ஒன்றிலிருந்து ஏழு வரை பங்கு உண்டு. மூன்று வெறும் அம்புகள். பையில் போட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுப்பார்கள். தோற்றவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். ஜெயித்தவர் என்ன செய்வார்? அந்த இறைச்சியைத் தான் சாப்பிட மாட்டார். ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

கவனித்தீர்களா? நண்பர்கள் கூடுகிற இடம். விருந்து. அதோடு தர்மமும் சேர்ந்திருக்கிறது. அல்பகரா அத்தியாயத்தின் 219ஆவது வசனம் அதில் மக்களுக்குச் சில பலன்கள் இருப்பதை மறுக்கவே இல்லை. ஆனால் பலனைவிடப் பாவம் பெரியது என்று சொல்கிறது. ஏழைக்குச் சோறு கிடைத்த அந்தச் சூதாட்டத்துக்கே இந்தத் தீர்ப்பு என்றால், இலாபம் முழுக்க முதலாளிக்கும் வரிக்கும் போகிற இந்தச் சூதாட்டத்தை என்னவென்று சொல்வது?

இன்னொரு விஷயம். அந்தக் கூட்டத்தில் சேராமல் ஒதுங்கி நிற்பவனை அரபிகள் சும்மா விடமாட்டார்கள். அவனுக்கு “பரம்” என்று ஒரு பட்டப்பெயர். கஞ்சன், கூட்டத்தோடு சேராதவன் என்று அர்த்தம். நம் பையன்கள் இப்போது அப்படிப்பட்டவனை “பழம்” என்கிறார்கள். ஓர் எழுத்துதான் மாறியிருக்கிறது! ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்பும் சரி, இன்றும் சரி, சூதாட்டத்துக்குள் மனிதனை இழுப்பது பெரும்பாலும் பணத்தாசை அல்ல. “நான் மட்டும் எப்படி ஒதுங்குவது” என்ற கூச்சம்தான்.

இதனால்தான் புகாரியிலும் முஸ்லிமிலும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக வரும் ஒரு ஹதீஸை நாம் ஆழ்ந்து பார்க்க வேண்டும். ஒருவர் தன் தோழரிடம் “வா, சூதாடலாம்” என்று சொல்லிவிட்டால் அவர் தர்மம் செய்யட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். அவர் ஆடவில்லை. காசு வைக்கவில்லை. அழைத்தார், அவ்வளவுதான். அதற்கே பரிகாரம். குரூப்பில் “எல்லோரும் வந்தால்தான் மஜா” என்று ஒரு செய்தி அனுப்புவதை நாம் சாதாரணமாக நினைக்கிறோம்.

சரி, அந்தச் சகோதரர் கேட்டாரே, விளையாடாமல் சாப்பிட்டுவிட்டு மட்டும் வரலாமா என்று. மது பரிமாறப்படும் விரிப்பில் அல்லாஹ்வையும் மறுமை நாளையும் நம்பியவர் உட்கார வேண்டாம் என்ற நபிமொழி திர்மிதியில் இருக்கிறது. குடிக்காதே என்று மட்டுமல்ல, உட்காராதே என்பது. உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் செய்தி ஒன்றை இமாம் குர்துபி (ரஹ்) எடுத்துச் சொல்கிறார்கள். குடித்துக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். “இதில் ஒருவர் நோன்பாளி, அவர் குடிக்கவில்லை” என்று சொல்லப்பட்டது. கலீஃபா என்ன செய்தார்கள்? அவருக்கும் தண்டனை கொடுத்தார்கள். அந்நிஸா அத்தியாயத்தின் 140ஆவது வசனத்தை ஓதிக்காட்டினார்கள். தவறு நடக்கும் சபையில் தெரிந்தே உட்கார்ந்திருப்பவரும் அவர்களைப் போன்றவரே என்று அந்த வசனம் எச்சரிக்கிறது.

“இலவச சிப்ஸ்தானே ஹஜ்ரத், நம் காசு இல்லையே” என்று சில இளைஞர்கள் வாதம் செய்வார்கள். மருமகனே, அது இலவசம் இல்லை. டிக்கெட்டில் உங்கள் அத்தா கொடுத்த காசு அதற்குள் இருக்கிறது. அப்படியே இலவசமாக வந்தாலும், அதை வைத்து ஜெயிப்பது சூதாட்டத்தின் பணம்தானே?

அந்த மேசையின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ரூலெட் என்று ஒரு சக்கரம். பூஜ்யத்திலிருந்து 36 வரை மொத்தம் 37 குழிகள். ஓர் எண்ணில் 100 ரூபாய் வைத்து ஜெயித்தால், வைத்த 100ஐயும் சேர்த்து 3600 ரூபாய் தருவார்கள். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் 37 எண்களிலும் தலா 100 வைத்துப் பாருங்கள். நீங்கள் வைத்தது 3700. திரும்ப வருவது 3600. எந்த எண் விழுந்தாலும் அந்த நூறு ரூபாய் மேசைக்காரனுக்கு. அவன் ஏமாற்றவே தேவையில்லை, நேர்மையாக நடத்தினாலே போதும். ஒரு தடவை ஒருவர் ஜெயிக்கலாம். இரவு முழுக்க உட்கார்ந்தால் கணக்கு தன் வேலையைக் காட்டிவிடும்.

இது அரசாங்கங்களுக்கும் தெரியும். கோவா அரசு 2020 பிப்ரவரி 1 முதல் கோவாக்காரர்கள் காசினோவுக்குள் போகக்கூடாது என்று தடை செய்திருக்கிறது. நேபாளத்தில் நேபாளக் குடிமக்களுக்கு அனுமதி இல்லை. சிங்கப்பூரில் 2010இல் இரண்டு காசினோக்களைத் திறந்தார்கள். வெளிநாட்டுக்காரர் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு உள்ளே போகலாம். அந்நாட்டுக் குடிமகன் போக வேண்டுமானால் ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். ஆரம்பத்தில் 100 வெள்ளியாக இருந்ததை 2019இல் கூட்டினார்கள். மலேசியாவின் கெந்திங் மலைக்கு நம் தமிழ்நாட்டு டூர் கோஷ்டிகள் நிறையப் போகின்றன. அங்கே காசினோவுக்குள் முஸ்லிம்களுக்கு அனுமதி கிடையாது. ஆக, சமைத்தவன் தன் பிள்ளைக்கு ஊட்டாத சாப்பாட்டை நமக்குப் பரிமாறுகிறான்! மதுரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் வேனில் போய் நாம் அதைச் சாப்பிட வேண்டுமா?

நம் தமிழ்நாட்டிலும் 2003இல் லாட்டரியைத் தடை செய்தார்கள். அதற்கு முன் பஸ் ஸ்டாண்டுகளில் சாயந்திரம் ரிசல்ட் பார்க்க நிற்கும் கூட்டத்தைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் நின்ற முகங்களை நினைத்துப் பாருங்கள். நான் மேலே சொல்லத் தேவையில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆவது வசனம் மதுவையும் சூதாட்டத்தையும் ஷைத்தானின் அசுத்தமான செயல் என்கிறது. அடுத்த வசனம் காரணம் சொல்கிறது. பணம் போய்விடும் என்று அங்கே காரணம் சொல்லப்படவில்லை, கவனியுங்கள். உங்களுக்கிடையே பகைமையையும் வெறுப்பையும் உண்டாக்கவும், அல்லாஹ்வின் நினைவைவிட்டும் தொழுகையைவிட்டும் உங்களைத் தடுக்கவுமே ஷைத்தான் விரும்புகிறான் என்கிறது. “உங்களுக்கிடையே” என்றால் யார்? முன்பின் தெரியாதவனோடு எனக்கு என்ன பகை வரப்போகிறது? கூட வந்தவர்களுக்கிடையேதான். கத்தாதா (ரஹ்) அவர்கள் விளக்கம் சொல்வதாக இமாம் தபரி (ரஹ்) பதிவு செய்கிறார்கள்: அறியாமைக் காலத்தில் ஒருவன் தன் பொருளையும் குடும்பத்தையும்கூடப் பணயம் வைத்துத் தோற்றுவிட்டு, தன் பொருள் இன்னொருவன் கையில் இருப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். அதிலிருந்து பகை முளைக்கும்.

இதை அந்த வேனில் வைத்துப் பாருங்கள். ஐந்து குடும்பம் சந்தோஷமாகப் போகிறது. கப்பலில் ஒருவர் இருபதாயிரம் தோற்கிறார். மனைவிக்குத் தெரியாமல் மச்சானிடம் பத்தாயிரம் கைமாற்று வாங்குகிறார். அதுவும் போகிறது. இன்னொருவர் ஐந்தாயிரம் ஜெயித்துச் சிரிக்கிறார். திரும்பி வரும் வழியில் வேனில் பேச்சு இருக்காது. அந்தப் பத்தாயிரம் அடுத்த பெருநாள் வரை இழுக்கும். “நீங்கள்தானே அவரைக் கூட்டிக்கொண்டு போனீர்கள்” என்று தங்கச்சி அண்ணனிடம் கேட்பாள். உறவைச் சேர்க்கப் போன பயணம் உறவை அறுத்துவிட்டு வரும். குடும்பத்தோடும் நண்பர்களோடும் போகும் பயணத்தில் சூதாட்டம் தனியாகப் போவதைவிட ஆபத்தானது என்று நான் சொல்வது இதனால்தான்.

தொழுகையையும் பாருங்கள். அங்கே கூட்டம் களைகட்டுவதே சாயந்திரத்துக்குப் பிறகு. மஃரிப் போகும், இஷா போகும், நடுராத்திரி தாண்டி அறைக்கு வந்து படுத்தால் ஃபஜ்ரும் போகும்.

இங்கே ஒரு மஸ்அலா. ஆயிரம் கிலோமீட்டர் பயணம், நாலு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழலாமே என்பார்கள். பயணத்தின் நோக்கமே பாவம் என்றால், ஷாஃபிஈ மத்ஹபில் அவருக்குக் கஸ்ர் சலுகை இல்லை. சூதாடுவதற்காகவே புறப்பட்டவர் முழுமையாகத் தொழ வேண்டும். நல்ல நோக்கத்தில் புறப்பட்டு வழியில் தவறு செய்தவருக்குச் சலுகை உண்டு. தவறு தனி, பயணம் தனி. நம் ஹனஃபி மத்ஹபில் இரண்டு நிலையிலும் கஸ்ர்தான், பாவம் பாவமாகவே இருக்கும். இமாம்கள் ஒரு பயணத்தின் நோக்கத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள் பாருங்கள்.

சரி, என்ன செய்வது? மூன்று பேர் பயணம் புறப்பட்டால் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளுங்கள் என்று அபூதாவூதில் வரும் நபிமொழி இருக்கிறது. வேன் கிளம்புவதற்கு முன்பே அதைச் செய்யுங்கள். எங்கே போகிறோம், எங்கே போகமாட்டோம் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள். பணஜிக்குப் போய் இறங்கிய பிறகு மறுப்பதுதான் சங்கடம். வீட்டில் உட்கார்ந்து மறுப்பது சுலபம். நண்பர்களிடம் உபதேசம் செய்ய வேண்டாம், சண்டையும் வேண்டாம். அல்ஃபுர்கான் அத்தியாயம் வீணானதைக் கடக்க நேர்ந்தால் கண்ணியமாகக் கடந்துபோகிறவர்களைப் பற்றிச் சொல்கிறது. “அந்தச் சாயந்திரம் நாங்கள் பிள்ளைகளோடு கடற்கரையில் இருக்கிறோம், ராத்திரி சாப்பாட்டுக்குச் சேர்ந்துகொள்வோம்” என்றால் போதும். மாற்று மத நண்பர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். அவர்களில் ஒரு குடும்பம் “நாங்களும் உங்களோடு வருகிறோம்” என்று சொன்னாலும் ஆச்சரியமில்லை. பல பெண்களுக்கு அந்தக் கப்பலில் ஏற மனமே இருக்காது. சொல்ல ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பொதுப்பணத்தில் கவனம் தேவை. எல்லோரும் சேர்த்துப் போட்ட பணத்தில் கப்பல் டிக்கெட் எடுத்தால் அதில் உங்கள் பங்கும் இருக்கிறது. கணக்கைத் தனியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ரத்து செய்யுங்கள். பிடித்தம் போனால் போகட்டும். முன்பு எப்போதாவது ஜெயித்த பணம் கையில் இருந்தால், நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளிடம் சேர்த்துவிட வேண்டும். பள்ளிவாசல் உண்டியலில் போட வேண்டாம். இதைப் பற்றித் தனியாகப் பேச விரும்புகிறவர்கள் அஸருக்குப் பிறகு வாருங்கள்.

விடுமுறையில் புறப்படும் நம் குடும்பங்களை அல்லாஹ் பத்திரமாகக் கொண்டுபோய், சந்தோஷமாகக் கொண்டுவந்து சேர்ப்பானாக. ஆமீன்.

குத்பாவுக்கு நேரமாகிவிட்டது. முன்சுன்னத் தொழாதவர்கள் தொழுதுகொள்ளுங்கள்.