உடைந்தால் தாங்கும் விலை

குழந்தைக்கு ஒரு பொருள் வாங்கும்போது நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்று கணக்குப் பார்க்கிறோம். அந்தப் பொருளுக்காகக் குழந்தை என்ன விலை கொடுக்கப் போகிறது என்று பார்ப்பதில்லை. மடிக்கணினி வாங்குகிற காரியத்தில் இந்த இரண்டாவது விலைதான் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது.

ராயபுரம் காசிமேட்டில் விசைப்படகில் தொழிலுக்குப் போகும் ஒரு தகப்பனாரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மகள் எட்டாம் வகுப்புத் தேறி, ஒன்பதாம் வகுப்பில் சேருகிறாள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. மீன்வளம் பெருகுவதற்காக ஏற்பட்ட தடை, நியாயமான தடைதான். ஆனால் பள்ளிக்கூடம் திறப்பதும் அதே ஜூன் மாதத்தில். அரசாங்கம் தரும் 8,000 ரூபாய் நிவாரணம் அரிசிக்கும் பழைய கடனுக்கும் போய்விடுகிறது. அந்தச் சமயத்தில் மகள் கேட்கிறாள்: "நைனா, எனக்கு ஒரு லேப்டாப் வாங்கித் தர்றியா?"

அரசாங்கம் கொடுக்காதா என்று கேட்கலாம். 2011 செப்டம்பர் 15ஆம் தேதி ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டத்தில், அதன் பிறகு வந்த ஆண்டுகளில், ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மேல்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கிடைத்தன. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவிப்பு வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு இரண்டிலும் இடமில்லை. அவளுக்கு நைனாதான் அரசாங்கம்.

அவரும் கடைக்குப் போகிறார். "நாம்தான் படிக்கவில்லை, பிள்ளைக்காவது உசத்தியாக வாங்கிக் கொடுப்போம்" என்று நினைக்கிறார். அந்த நினைப்பைப் பரிகசிக்க யாருக்கு உரிமை இருக்கிறது? கடைக்காரர் மாதத் தவணை என்கிறார். கடல் தவணை முறையில் மீன் கொடுப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் கையெழுத்துப் போடுகிறார்.

அதற்கப்புறம் நடப்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும். யந்திரம் வீட்டுக்கு வருகிறது. இரும்பு அலமாரிக்குள் போகிறது. உப்புக் காற்று பட்டுவிடும், தம்பி தண்ணீரைக் கொட்டிவிடுவான், அக்கம்பக்கத்தில் இரவல் கேட்பார்கள். நைனா வீட்டில் இருக்கும்போது மட்டும் எடுக்கலாம். எடுத்தாலும், "பார்த்து, பார்த்து" என்ற குரல் பின்னாலேயே நிற்கும். மதிப்பெண் குறைந்த அன்று, "உனக்காகத்தானே இவ்வளவு கடன் பட்டேன்?" என்ற கேள்வி வரும். பரிசாக வந்த பொருள் கடன் பத்திரமாக மாறிவிடுகிறது. கடனில் கையெழுத்துப் போட்டவர் தகப்பனார்; வட்டி கட்டுகிறவள் மகள்.

இது ஏதோ ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. தென் அமெரிக்காவில் பெரு நாட்டு அரசாங்கம் 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்ற இயக்கத்தின் யந்திரங்களை லட்சக்கணக்கில் வாங்கி ஏழைக் கிராமங்களுக்குக் கொடுத்தது. அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கி 2012இல் வெளியிட்ட ஆய்வு, கணக்கிலும் மொழியிலும் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட முன்னேறவில்லை என்று சொல்லிற்று. காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று நம் அலமாரிக் கதையே. கெட்டுப்போனால் வேறு கிடைக்காது என்று அஞ்சிய பள்ளிகள் யந்திரத்தை வீட்டுக்கு அனுப்பவில்லை. பாதிப் பிள்ளைகள்கூட அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

கற்பது என்றால் என்ன? தப்பாக ஒரு பொத்தானை அழுத்துவது, ஏன் இப்படி ஆயிற்று என்று விழிப்பது, மறுபடி அழுத்திப் பார்ப்பது. தொலைபேசியில் மற்றவர்கள் செய்ததைப் பார்க்கலாம். விசைப்பலகை இருந்தால் தானாக ஒன்றைச் செய்யலாம். மடிக்கணினி வேண்டும் என்பதற்கு உள்ள ஒரே நல்ல காரணம் இது. பயந்த கையால் இதைச் செய்ய முடியாது.

ஆகவே விலைக்கு நான் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான்: அது உடைந்து போனால், குழந்தையை ஒரு சொல்லும் சொல்லாமல் நம்மால் தாங்க முடியுமா? முடிகிற விலைதான் நமக்கு உரிய விலை.

"ஏழைக் குழந்தைக்கு மட்டமான பொருள் போதும் என்கிறீரா?" என்று கோபிக்க வேண்டாம். மட்டமானது வேறு, பழையது வேறு. மிகக் குறைந்த விலைக்குப் புதிதாக வரும் சில யந்திரங்களில் 4 ஜி.பி. நினைவகமும் 64 ஜி.பி. சேமிப்பிடமும்தான் இருக்கும், கூட்டவும் வழியிராது. சீக்கிரமே அது திணற ஆரம்பித்துவிடும். அலுவலகங்கள் கழித்துவிட்ட உறுதியான யந்திரங்கள் ரிச்சி தெருவில் கிடைக்கின்றன. 8 ஜி.பி. நினைவகம், எஸ்.எஸ்.டி., மாற்றக்கூடிய மின்கலம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. ஆகையால் யந்திரம் விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று கேட்க வேண்டும். ஏற்காவிட்டாலும் குடி முழுகிவிடாது, லினக்ஸ் இலவசம். அரசாங்கம் கொடுத்த மடிக்கணினிகளிலும் சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் இருந்தது. கடை எத்தனை நாள் உத்தரவாதம் தருகிறது என்பதை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

படகு கடலுக்குப் போய், கையில் நாலு காசு புரளும் வரை ஒரு மாதம் பொறுப்பதிலும் தவறில்லை. ஜூனில் கடனோடு வருவதைவிட ஆகஸ்டில் கடனில்லாமல் வரட்டும்.

அலமாரிக்குச் சாவி போடுவது சுலபம். "எடுத்துக்கொள் அம்மா, கெட்டுப்போனால் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்வதுதான் கஷ்டம். கையில் காசு குறைந்த தகப்பனாருக்கு அது இன்னும் கஷ்டம். அந்தச் சொல்லை மனமாரச் சொல்ல முடிகிற அளவுக்கு விலையைக் குறைத்து வாங்குங்கள். குழந்தைக்கு அவர் கொடுக்க விரும்பியது அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.