தொடக்கத்தை மாற்றாதே, ஆட்டத்தை மாற்று!

மணலித் தம்பி, தங்கச்சி! செஸ் போட்டியில் எதிரே உட்கார்ந்திருப்பவனுக்குத் தனிக் கோச், லேப்டாப், கட்டுக் கட்டாகப் புத்தகங்கள். உனக்கு ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பாவின் போன் மட்டும். அதனால் கடிகாரத்தை அழுத்தும் முன்பே மனசு தோற்றுவிடுகிறதா? பெட்ரோல் காய்ச்சித் தரும் ஊர் உன்னுடையது. பலகை முன்னால் மட்டும் ஏன் பம்முகிறாய்?

உன்னைத் தோற்கடிப்பது பணம் அல்ல, உன் அலைபாய்ச்சல்! போன வாரம் லண்டன் சிஸ்டம், இந்த வாரம் கிங்ஸ் காம்பிட். தோற்றவுடன் ஓப்பனிங்கைத் திட்டிவிட்டு அடுத்த வீடியோவைத் தேடுகிறாய்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில், 18 வயதில் உலகச் சாம்பியனான நம் சென்னை குகேஷைப் பார். 2500 ரேட்டிங்கை நெருங்கும்வரை பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அவரைக் கம்ப்யூட்டர் எஞ்சின் பக்கமே விடவில்லை. சொந்த மூளையால் யோசிக்க வைத்தார்.

ஆனந்தைப் பார். 2010, சோஃபியா. உலகச் சாம்பியன் பட்டப் போட்டியில் அவரும் பல்கேரியாவின் டோபலோவும் சமப் புள்ளியில் நிற்க, கடைசி ஆட்டம். கருப்புக் காய்கள், எதிரே சொந்த மண்ணில் டோபலோவ். ஆனந்த் எடுத்தது புத்தம் புது ஆயுதமா? இல்லை, நூறாண்டுப் பழைய லாஸ்கர் டிஃபென்ஸ்! வென்றார், பட்டத்தைக் காத்தார்.

உனக்கும் மூன்றே ஓப்பனிங் போதும். வெள்ளைக்கு இத்தாலியன். கருப்பில் இ4-க்குக் காரோ-கான், டி4-க்குக் குயின்ஸ் காம்பிட் டிக்ளைன்ட். மனப்பாடம் செய்யாதே, காரணம் கேள்! இத்தாலியனில் பிஷப் ஏன் சி4-க்குப் போகிறது? ராஜா மட்டுமே காவல் நிற்கும் எஃப்7 கட்டத்தைக் குறிவைக்க. காரோ-கானில் சிப்பாய் ஏன் சி6-க்கு வருகிறது? அடுத்த நகர்விலேயே டி5 வைத்து மையத்தில் மோத. அதே சமயம் சி8 பிஷப்பின் வழியை அடைக்காமல் இருக்க. இப்படிக் காரணம் தெரிந்தவனை எதிரி புது நகர்வு வைத்து மிரட்ட முடியாது.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நோட்டை எடு. தெரிந்த பாதை எங்கே முடிந்தது, அங்கே நீ என்ன நினைத்தாய் என்று எழுது. பிறகு லிச்செஸ் தளத்தில் சரிபார். அதற்குக் காசு கிடையாது. பெரும்பாலும் உன்னை வீழ்த்தியது ஓப்பனிங்காக இருக்காது, இருபதாவது நகர்வில் அவசரத்தில் விட்ட குதிரையாகத்தான் இருக்கும்!

இன்றிரவே மூன்றையும் நோட்டில் எழுது. ஒரு வருடம் அவற்றையே ஆடு. தோற்றால் திருத்து, பயந்து மாற்றாதே!