அதிர்ஷ்டம் என்பது யாது?

தில்லி மாநகரில் மந்திர் மார்க் என்றொரு சாலை உளது. ஆங்கிலேயர் ஆட்சியில் அதற்கு ரீடிங் சாலை என்று பெயர். செல்வத்துக்குத் தெய்வமெனப்படும் இலக்குமியின் பெயர் தாங்கிய இலட்சுமி நாராயணர் கோயிலும், அதனை அடுத்து மகாபோதி சங்கத்தாரின் புத்த விகாரையும் அங்கே உள்ளன. இரண்டும் 1939-ஆம் ஆண்டில் காந்தியடிகளால் திறந்து வைக்கப் பெற்றவை. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி உள்ளிட்ட கல்விச் சாலைகளும், துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பும் அச்சாலையிலேயே உள்ளன.

ஒரே சாலையில் வளரும் பிள்ளைகளுள் ஒருவன் உயர்வதும் மற்றொருவன் பின்தங்குவதும் எதனால்? 'முயன்றான், வென்றான்' என்பர் சிலர். 'அவன் அதிர்ஷ்டம்' என்பர் பலர். 'முற்பிறப்பின் வினைப்பயன்' என்று நம் முன்னோர்க்குச் சொல்லப்பட்ட விடையையும் நாம் மறந்தோமில்லை. அவர்களைச் சேரியில் நிறுத்தி வைத்தது அவ்விடையே அன்றோ? ஆதலின் இவ்வினா நமக்கு வெறும் வாதப் பொருள் அன்று.

முயற்சி ஒன்றே வெற்றி தருமாயின், பொழுது புலருமுன் எழுந்து நகரத்தின் அழுக்கையெல்லாம் அகற்றும் தொழிலாளியே அச்சாலையில் பெருஞ்செல்வனாய் இருத்தல் வேண்டும். அவ்வாறு இல்லை. அவன் உழைப்பில் குறை ஏதும் காண்கிலோம். குறை வேறிடத்தில் உளது.

அப்படியாயின் எல்லாம் அதிர்ஷ்டமோ? இச்சொல்லின் பொருளைச் சற்றே நோக்குவோம். 'திருஷ்டம்' என்பது காணப்பட்டது. 'அதிருஷ்டம்' என்பது காணப்படாதது. காரணமே இல்லை என்று இச்சொல் கூறவில்லை. காரணம் நம் கண்ணுக்குப் புலப்படவில்லை என்றே கூறுகிறது. காணாததைத் தேடிக் காண்பது அறிவுடையார் கடன்.

சீவகர் என்னும் துறவி பகவன் புத்தரை அணுகி, மாந்தர் நுகரும் இன்ப துன்பம் யாவும் பழவினையின் பயனே என்பாரது கொள்கை பற்றி வினவிய செய்தி சம்யுத்த நிகாயத்தில் காணப்படுகிறது. பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், பேணுதலில் தவறுதல், பிறர் செய்யும் கொடுமை, வினைப்பயன் எனக் காரணங்கள் எட்டு என்று பகவன் விடை பகர்ந்தார். எட்டனுள் ஒன்றே வினைப்பயன். பிறர் செய்யும் கொடுமை அதனின் வேறாகத் தனியே எண்ணப்பட்டிருத்தலை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

இதற்குச் சான்று பாபாசாகேப் அம்பேத்கரின் வாழ்வே. மாணவப் பருவத்தில் அவர் பம்பாயில் ஒரு பூங்காவில் அமர்ந்து நூல் பயில்வது வழக்கம். அப்பூங்காவுக்கு வந்துகொண்டிருந்த கிருஷ்ணாஜி அர்ஜுன் கெலுஸ்கர் என்னும் ஆசிரியர் அச்சிறுவனைக் கண்டு அன்பு பூண்டார். 1907-இல் அவர் மெட்ரிகுலேஷன் தேறியபோது, தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தவரும், பின்னர்ப் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் அழைத்துச் சென்று உதவி பெற்றுத் தந்தவரும் அவரே. மன்னர் அளித்த உதவித்தொகை 1913-இல் அவரை அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்கு அனுப்பியது.

அச்சந்திப்பு தற்செயல் ஆகுக. ஆயினும் சிறுவன் கையில் நூல் இல்லையேல் ஆசிரியர் கண் அவன்மேல் நின்றிராது. ஆசிரியர் நெஞ்சில் ஈரம் இல்லையேல் நூல் இருந்தும் பயன் விளைந்திராது. நூல் வாங்கப் பொருளின்றித் தந்தையார் வருந்திய காலத்தில் தமக்கையரின் நகைகள் அடகுக்குச் சென்றனவே, அதனையும் அதிர்ஷ்டம் என்போமோ? அது தியாகம்.

1917-இல் நிகழ்ந்ததையும் காண்போம். அயல்நாட்டில் பட்டம் பெற்றுப் பரோடாவில் பணியேற்ற அப்பேரறிஞருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. தீண்டாதார் என்று அறிந்தவுடன், தங்கியிருந்த விடுதியினின்றும் வெளியேற்றினர். அங்கே முயற்சி குறைந்ததோ? விதி கதவடைத்ததோ? கதவை அடைத்தவை மனிதர் கைகள். அதனை விதி என்று சொல்லுந்தோறும் அக்கைகள் நம் கண்ணுக்கு மறைந்துவிடுகின்றன. அவர் தளர்ந்திலர், ஆசிரியப் பணியாற்றிப் பொருள் சேர்த்து, பிறர் உதவியும் பெற்று, 1920-இல் மீண்டும் இலண்டன் சென்று கல்வியை நிறைவேற்றினார்.

ஆகவே நாம் கொள்ள வேண்டுவன மூன்று. நம் முயற்சியை ஒருநாளும் கைவிடுதல் ஆகாது. நம் கையில் இருப்பது அது ஒன்றே. வென்றபின் 'என் திறமையால் வென்றேன்' என்று தருக்குதலும் ஆகாது. நமக்காக அடகு வைக்கப்பட்ட நகைகள் யாருடையவை என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். தோற்றவனை நோக்கி 'உன் விதி' என்றோ 'உன் சோம்பல்' என்றோ ஆராயாது கூறுதல் அறவே ஆகாது. அவன் வழியில் அடைபட்ட கதவு எது, அடைத்த கை யாருடையது என்று கேட்டல் வேண்டும்.

தேர்வில் தவறிய பிள்ளை நம் தெருவில் இருப்பின், இன்றே அவன் இல்லம் செல்வோமாக. ஒரு நூலோ, மாலையில் ஒரு மணி நேரப் பயிற்சியோ, தக்காரிடம் ஓர் அறிமுகமோ நம்மால் தரவியலும். நாளை அவன் உயர்ந்தால் உலகம் அதனை அதிர்ஷ்டம் என்று சொல்லட்டும். காணப்படாத அக்காரணமாய் நாம் இருந்தோம் என்பதே நமக்குப் போதும்.